சீதாலக்ஷ்மிக்கு இரண்டு வயது கூடிவிட்டது

பத்தொன்பது வருடமாக சீதாலக்ஷ்மியின் வேலை அடுத்தவர்களின் வயதைக் கேட்பது. தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறத் தெருவில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேப். காலை ஏழு மணிக்கு அதன் முன் கவுண்டரில் உட்கார்ந்தால், வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்களிடம் பெயர், வயது, டாக்டர் பெயர் என்று மூன்று கேள்வி. பெயரையும் டாக்டரையும் எல்லோரும் பட்டென்று சொல்லிவிடுவார்கள். வயது என்றதும் ஒரு தயக்கம் வரும். ஐம்பதைத் தாண்டிய பெண்கள் எவ்வளவு நேரம் தயங்குகிறார்கள் என்பதை வைத்தே எத்தனை வருடம் குறைக்கப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். எண்பதைத் தாண்டிய ஆண்கள் இரண்டு கூட்டிச் சொல்வார்கள். சொன்னதை அவள் அப்படியே கம்ப்யூட்டரில் தட்டிக்கொள்வாள்.

போன மே மாதக் கடைசியில் லேபில் கம்ப்யூட்டரை மாற்றினார்கள். புதியது வயதை ஏற்றுக்கொள்ளாது. பிறந்த தேதியைக் கொடுத்தால்தான் அடுத்த கட்டத்துக்கே போகும். வரிசை வாசல் படி வரை நீண்டது. "பிறந்த தேதியா? அது யாருக்கு மோளே தெரியும்?" என்று கிழவிகள் மலையாளமும் தமிழுமாகச் சண்டைக்கு வந்தார்கள். ரத்தம் எடுக்கிற பெண் ஷிஜாதான் தன் போனில் ஒரு வழி கண்டுபிடித்தாள். வயதைக் கணக்கிட்டுச் சொல்கிற ஒரு பக்கம். தேதியைக் கொடுத்தால் வருடம், மாதம், நாள் எல்லாம் பிரித்துக் காட்டும். பிறந்த கிழமை, இதுவரை வாழ்ந்த நாட்கள், அடுத்த பிறந்த நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்பதுவரை சொல்லும்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி, பதினோரு மணிக்கு மேல் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், ஷிஜா எல்லோருடைய தேதியையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேச்சியோட தேதி சொல்லுங்க."

"எனக்கு என்னத்துக்கு? இருபத்தெட்டு, அஞ்சு, அறுபத்தாறு."

"ஐம்பத்தொன்பது வருஷம், பதினஞ்சு நாள். மொத்தம் இருபத்தோராயிரத்து ஐநூத்தி அறுபத்தஞ்சு நாள். சனிக்கிழமை பிறந்திருக்கீங்க, சேச்சி."

"சனியா? இல்லையே. நான் வியாழக்கிழமை."

"போன் பொய் சொல்லாது சேச்சி."

"என் அம்மாவும் பொய் சொல்லமாட்டா" என்றாள் சீதாலக்ஷ்மி.

அம்மா இறந்து பதினாறு வருடமாகிவிட்டது. அவள் உயிரோடிருந்த வரை வியாழக்கிழமைகளில் ஒரு வேளைதான் சாப்பிடுவாள். எதற்கு என்று கேட்டால், "நீ பிறந்த கிழமைடி, உனக்காகத்தான்" என்பாள். இன்னொன்றும் சொல்வாள். "நீ பிறந்த அன்னிக்கு சுசீந்திரத்துல ஒரு கடை திறக்கலை. உன்னைப் பிடிச்ச மருத்துவச்சிக்கு வெத்தலை பாக்கு வச்சுக் கொடுக்கக்கூட வழியில்லாம போச்சு. பக்கத்தாத்து ரேடியோவுல நாள் பூரா அழற மாதிரி வயலின்தான்." சின்ன வயதில் அதைக் கேட்கும்போதெல்லாம், தான் பிறந்ததற்காகத்தான் ஊரே கடையை அடைத்தது என்று சீதாலக்ஷ்மி நினைத்துக்கொள்வாள். வளர்ந்த பிறகு அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

இப்போது யோசித்தாள். ஷிஜாவின் போனை வாங்கி, மே இருபத்தெட்டை வைத்துக்கொண்டு வருடத்தை மட்டும் மாற்றிப் போட்டாள். அறுபத்தைந்தில் வெள்ளி. அறுபத்து நான்கில் வியாழன்.

அறுபத்து நான்கு, மே இருபத்தெட்டு. அதற்கு முந்தின நாள்தான் நேரு இறந்தார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த தேதி. நாடு முழுக்கக் கடை அடைத்திருக்கும். ரேடியோவில் வயலின்தான் வாசித்திருப்பார்கள்.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். ஷிஜா பின்னாலேயே வந்து, "எந்தா சேச்சி, முகம் வாடிப் போச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லை. காலைல வந்தப்போ எனக்கு ஐம்பத்தொன்பது. இப்போ அறுபத்தொண்ணு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலை முடித்துவிட்டுக் கரமனைக்கு ஆட்டோ பிடித்தாள். அங்கே அவளுடைய அக்கா ராஜமணி இருக்கிறாள். ஆறு வயது மூத்தவள். தங்கை சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, ராஜமணி எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. கணக்குப் போட்டேன்."

"அப்பா என்கிட்ட சத்தியம் வாங்கிண்டார், சீதா. எனக்கு அப்போ பன்னிரண்டு வயசு. அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்கலை."

"எதுக்காக அக்கா? ரெண்டு வயசைக் குறைச்சு அவருக்கு என்ன கிடைச்சுது?"

"வயசுக்காக இல்லை. நட்சத்திரத்துக்காக. நீ மூலம்."

சீதாலக்ஷ்மிக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்தாள், காமாட்சி அத்தை. மூல நட்சத்திரம். மூலத்தில் பிறந்தவள் மருமகளாக வந்தால் மாமனார் உயிருக்கு ஆகாது என்ற பயத்தில் ஒருத்தரும் அவளைப் பெண் எடுக்கவில்லை. வந்த இரண்டு பேரும் ஜாதகத்தைப் பார்த்ததும் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அத்தை கடைசிவரை அண்ணன் வீட்டுச் சமையலறையிலேயே இருந்து, நாற்பத்தாறு வயதில் இறந்தாள். அதே நட்சத்திரத்தில் தனக்கு ஒரு பெண் பிறந்தபோது அப்பா யாரிடமும் சொல்லவில்லை.

"நமக்கு சுசீந்திரத்துலேர்ந்து இங்கே மாத்தல் ஆச்சு இல்லையா? வலியசாலையில யாருக்கும் நம்மளைத் தெரியாது. உன்னை ஸ்கூல்ல சேர்க்கறதுக்கு முன்னாடி, ஒரு ராத்திரி பழைய பஞ்சாங்கமெல்லாம் பரப்பி வச்சுண்டு உட்கார்ந்தார். மே இருபத்தெட்டு எந்த வருஷம் நல்ல நட்சத்திரத்துல வரதுன்னு தேடினார். அறுபத்தாறுல பூரம் வந்தது. 'பொய்தான் சொல்றேன், பிறந்த நாளையாவது மாத்தாம விடறேனே'ன்னு அம்மாகிட்ட சொன்னது எனக்கு நன்னா ஓர்மை இருக்கு."

"அப்போ நான் ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்தப்போ..."

"ஏழு முடிஞ்சாச்சு."

சீதாலக்ஷ்மிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் வாழ்க்கையில் யாரும் பறிக்க முடியாத பெருமை என்று ஒன்று இருந்தது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாளே மலையாளப் பாடப்புத்தகத்தைக் கடகடவென்று வாசித்து, டீச்சர் அவளைத் தூக்கி மேஜை மேல் நிறுத்தி மற்ற பிள்ளைகளுக்குக் காட்டியது. ஐந்து வயதில் என்ன புத்தி என்று தெருவே பேசியது. ஐந்து வயதில் இல்லை, ஏழு வயதில்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவளுக்கு அப்பாவின் மேல் கோபம் வரவில்லை. காமாட்சி அத்தை அடுப்பு ஊதிய முதுகுதான் கண்முன் வந்தது. அப்பா அந்தப் பஞ்சாங்கங்களைப் பரப்பியிராவிட்டால் தானும் ஏதோ ஒரு சமையலறையில் அப்படித்தான் உட்கார்ந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் வீட்டில் ஒரு மாமனார் இருந்தார்.

அனந்தநாராயணனுக்குத் தொண்ணூற்றொரு வயது. செக்ரடேரியட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் தானே குளித்து, தானே வேஷ்டி துவைத்து, பத்து மணிக்குச் சாலைக் கடைத்தெரு வரை நடந்துபோய்க் காபிப்பொடி வாங்கி வருவார். இடது காது கேட்காது. வலது காதில் நாம் அவருக்காகச் சொல்வது விழாது. அவருக்குத் தெரியக்கூடாது என்று சொல்வதெல்லாம் விழும். சீதாலக்ஷ்மி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை "அப்பா" என்றுதான் கூப்பிடுகிறாள். மாமியார் போன பிறகு அவருக்கு ரசம் சூடாக வேண்டுமா, ஆறியிருக்க வேண்டுமா என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் நட்சத்திரத்தையெல்லாம் நம்புகிறவளில்லை. இருந்தாலும் கரமனையிலிருந்து வந்த அன்றிலிருந்து அவர் இருமினால் நெஞ்சு திடுக்கென்றது. மத்தியானம் அவர் தூங்கும்போது வயிறு ஏறி இறங்குகிறதா என்று வாசற்படியில் நின்று பார்த்தாள். மூன்றாம் நாள் ஷிஜாவை வீட்டுக்கே வரச்சொல்லி அவருக்கு ரத்தம் எடுத்து, இருக்கிற பரிசோதனை அத்தனையும் செய்யச் சொன்னாள்.

"எனக்கு என்ன வியாதி?" என்று கேட்டார் அவர்.

"ஒண்ணுமில்லைப்பா, சும்மா ஒரு செக்கப்."

ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை, கொலஸ்ட்ரால், சிறுநீரகம் எல்லாம் அளவோடு இருந்தன. "இது அம்பது வயசுக்காரன் ரத்தம் சேச்சி" என்றாள் ஷிஜா.

இதற்கிடையில் வீட்டில் ஒரு விசேஷம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆவணி மாதம் அஸ்த நட்சத்திரத்தில் அவள் கணவர் வெங்கடகிருஷ்ணனுக்கு அறுபது பூர்த்தி. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஸ்ரீலக்ஷ்மி மண்டபத்துக்குச் சொல்லிவிட்டாள். வெங்கடகிருஷ்ணன் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபதாம் கல்யாணத்துக்கும் தனி ஃபைல் போட்டு, உள்ளே பக்க எண் வரை எழுதியிருந்தார். நல்ல மனிதர். ஒரு பழக்கம்தான். எந்தப் பேச்சிலும் அவள் தன் கருத்தைச் சொன்னால், "நீ சின்னவ, உனக்குத் தெரியாது" என்பார். முப்பத்தேழு வருடமாக அவளும் அதற்குப் பதில் சொன்னதில்லை.

ஒரு சாயங்காலம், சடங்கை நடத்தப் போகிற வாத்தியார் போனில் கேட்டதையெல்லாம் அவர் ஃபைலில் எழுதிக்கொண்டிருந்தார். மாமனார் பக்கத்து நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அஸ்தம், கன்னி. உனக்குப் பூரம், சிம்மம். சரிதானே?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த சீதாலக்ஷ்மி கத்தியைக் கீழே வைத்தாள். இதுவரை எத்தனை கோயிலில் எத்தனை அர்ச்சனை, எல்லாம் யாரோ ஒரு பூரக்காரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இதையும் அவளுக்கே கொடுக்க மனம் வரவில்லை.

"பூரம் இல்லை. மூலம்."

"எது?"

எல்லாவற்றையும் சொன்னாள். கிழமை, ரேடியோ, அக்கா, பஞ்சாங்கம். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னாள். வெங்கடகிருஷ்ணன் பேனாவை மூடினார்.

"முப்பத்தேழு வருஷமா எங்களை ஏமாத்தியிருக்கார் உன் அப்பா."

"என்னையும்தான்."

அப்போது பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்து சீதாலக்ஷ்மி பதறி எழுந்தாள். அது சிரிப்பு.

"நீ இந்தாத்துக்கு வந்தப்போ எனக்கு அம்பத்தி நாலு" என்றார் அப்பா. "இப்போ தொண்ணூத்தி ஒண்ணு. அந்த மூலம் எப்போதான் வேலையை ஆரம்பிக்கப் போறதாம்? எனக்கும் வயசாறது, சீக்கிரம் ஆரம்பிக்கச் சொல்லு."

"அப்பா, விளையாட்டில்லை இது" என்றார் வெங்கடகிருஷ்ணன்.

"நானும் விளையாடலைடா. எனக்கு டைஃபாய்டு வந்தப்போ பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில யார் இருந்தா? நீயா? உனக்கு ஆபீஸ் இன்ஸ்பெக்‌ஷன். இவதான் இருந்தா. அதுக்காகத்தான் இன்னும் இருக்கேன்னு வச்சுக்கோ." பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இவ அப்பா பொய் சொல்லியிருக்கலைன்னா நான் இந்த ஜாதகத்தை வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். அவ்வளவு முட்டாள்தான் நானும். நல்லவேளை, அவர் சொன்னார்" என்றார்.

வெங்கடகிருஷ்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். எட்டு மணிக்குத் திரும்பி வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை அவள் வேலைக்குப் புறப்படும்போது அவர் ஒரு காகிதத்தில் ஏதோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்.

"நானூத்தி அம்பத்தெட்டு நாள்" என்றார்.

"என்னது?"

"நீ என்னைவிட மூத்தவ. நானூத்தி அம்பத்தெட்டு நாள். ரெண்டு தடவை போட்டுப் பார்த்துட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்கு அறுபது போன வருஷமே முடிஞ்சு போச்சு சீதா. ஒரு பாயசம்கூட வைக்கலை."

"பாயசம் நான்தானே வச்சிருக்கணும்" என்றாள்.

"அதுவும் சரிதான். இனிமே உன்னை என்னன்னு கூப்பிடறது? அக்கான்னு சொல்லட்டுமா?"

"சின்னவன்னு மட்டும் சொல்லாதீங்கோ. அது போறும்."

அவர் அதைக் காப்பாற்றினார். வாய் தவறி இரண்டு தடவை வந்துவிட்டது. இரண்டு தடவையும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஆவணியில் விசேஷம் நன்றாக நடந்தது. ஸ்ரீலக்ஷ்மி அழைப்பிதழிலேயே அப்பாவுக்கு அறுபது, அம்மாவுக்கு அறுபத்தொன்று என்று போட்டுவிட்டாள். சங்கல்பத்தில் வாத்தியார் மனைவியின் நட்சத்திரம் கேட்டபோது, சீதாலக்ஷ்மி, கணவருக்காகக் காத்திராமல் தானே சொன்னாள், "மூலம்." வாத்தியார் ஒரு கணம் தலை நிமிர்ந்து, பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த தொண்ணூற்றொரு வயது மாமனாரைப் பார்த்தார். பிறகு "மூல நக்ஷத்ரே" என்று கணீரென்று சொல்லிக்கொண்டு மேலே போனார். பின்வரிசையில் பெண்கள் கொஞ்சம் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். சாப்பாட்டு இலை போட்டதும் அதுவும் அடங்கிவிட்டது.

கை கழுவுகிற இடத்தில் ஒரு பெண் அவளைத் தனியாகப் பிடித்தாள். ராஜமணியின் பக்கத்து வீட்டுக்காரி, சுப்புலக்ஷ்மி. அவள் மகள் பத்மஜாவுக்கு இருபத்தொன்பது வயது. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கூட வேலை பார்க்கிற பையனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் பேச்சு நடந்து, ஜாதகம் கைமாறியதும் நின்றுவிட்டது.

"மூலமா?" என்று கேட்டாள் சீதாலக்ஷ்மி.

"ஆமாம் மாமி. பையனுக்குச் சம்மதம், அவன் அம்மாவுக்கும் சம்மதம். அப்பாதான் பயப்படறார். அவரைக் குத்தம் சொல்லவும் முடியலை, அவர் உயிராச்சே. நீங்க ஒரு தடவை வந்து பேசினா..."

"நான் பேசி என்ன ஆகும்?" என்று கொஞ்சம் யோசித்தவள், பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்த மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். "அவரையும் கூட்டிண்டு வரேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டுக்கு ஆட்டோவில் போனார்கள். பையனின் அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயது. வாசலில் அவர்களைக் கண்டதும் விஷயம் புரிந்து, கொஞ்சம் வெட்கத்தோடு உள்ளே அழைத்தார். அனந்தநாராயணன் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"உமக்கு பி.பி. உண்டோ?"

"உண்டு மாமா."

"சுகர்?"

"அதுவும் உண்டு. எட்டு வருஷமா."

"எனக்கு ரெண்டும் இல்லை. மூல நட்சத்திர மாட்டுப்பொண் கையால முப்பத்தேழு வருஷமா சாப்பிடறேன்."

அந்த மனிதர் சிரிக்கலாமா என்று தெரியாமல் மனைவியைப் பார்த்தார். சீதாலக்ஷ்மி தன் கைப்பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

"நீங்க பயப்படறது தப்புன்னு சொல்ல வரலை" என்றாள் அவள். "எனக்குத் தெரிஞ்ச அன்னிக்கு நானும் பயந்தேன். இவர் தூங்கறப்போ மூச்சு வரதான்னு பார்த்துண்டு நின்னேன். எங்க அப்பாவும் பயந்துதான் என் வயசையே மாத்திட்டார். அவர் தங்கை ஒருத்தி இருந்தா, அவளுக்காக யாரும் பொய் சொல்லலை. அவ ஆயுசு பூரா அடுப்படியில போயிடுத்து. பத்மஜா ஆத்துல அந்த மாதிரி மறைக்கலை. உள்ளதைச் சொல்லி உங்ககிட்ட ஜாதகத்தைக் கொடுத்திருக்கா. அதுக்காகவாவது நீங்க யோசிக்கணும்."

அந்த வீட்டு அம்மாள் காபி கொண்டுவந்து வைத்தாள். அனந்தநாராயணன் ஒரு வாய் குடித்துவிட்டு, பொடி எந்தக் கடை என்று விசாரித்தார். அந்த மனிதர் ரிப்போர்ட்டை மடித்துக் கொடுத்தார்.

"என் சுகருக்கு நான்தான் மாமா காரணம். சாயங்காலம் ஆனா பழம்பொரி தின்னாம முடியலை" என்றார். பிறகு, "பொண்ணை நான் நேர்ல பார்த்ததே இல்லை. ஜாதகத்தைத்தான் பார்த்தேன்" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை வரச்சொல்லட்டுமா?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி கேட்டாள்.

"வரச்சொல்லு" என்றார் அவர்.

அந்த வெள்ளிக்கிழமை பத்மஜா போனாள். இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். அடுத்த மாதமே, தையில் கல்யாணம் என்று முகூர்த்தம் குறித்தார்கள். சுப்புலக்ஷ்மி அதைச் சொல்ல வீட்டுக்கு ஓடி வந்தபோது சீதாலக்ஷ்மி வேலையிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மாமனாரின் வலது காதருகில் குனிந்து சீதாலக்ஷ்மி உரக்கச் சொன்னாள்.

"பத்மஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுத்துப்பா. தை மாசம்."

"தையா? இன்னும் நாலு மாசம் இருக்கே" என்றார் அப்பா. "சரி, இருக்கேன்னு சொல்லு."